முன்னுக்கு, பின்னுக்கு

பக்கெற்றைத் தூக்குது, இறக்குது,
டிப்பர் கிறவலை முனகாமல் தள்ளுது,
குழி துளைக்கிற அலகை மாட்டினால் மட்டும்
கிறுகுதில்லை என்றார் பேரின்பராசா, போனில்.
குருமண்வெளியில் மண்டூர்ப் பாதைக்கு
மோட்டார்சைக்கிளை ஏற்றினேன்.
ஒரு ஆசிரியை, இரண்டு மீன்பெட்டி,
என் மடியில் துவாயில் சுற்றிய ஃப்ளோ மீற்றர்.

வெல்லாவெளிக்கு அங்கால
வயல் முடிந்து காடு தொடங்குமிடத்தில்
ரப்பர்ச் சங்கிலியோடு சின்ன லோடர்.
யானை வேலிக்கு நாற்பத்தாறு குழி.
முப்பத்தைந்து முடிந்திருந்தது.
அடுத்ததில் அலகு
கஞ்சிக்குள் அகப்பையாய் நின்றது.

பம்ப் போயிற்று, நாலு லட்சம் என்றார்
கொந்தராத்து இஸ்ஸதீன்.
பம்ப் போனால் பக்கெற் எப்படித் தூக்கும்
என்று நான் கேட்கவில்லை.
மீற்றர் சொல்லட்டும்.

எஞ்சினை நிறுத்தி, திறப்பை மட்டும் போட்டு
லீவரை இரண்டு பக்கமும் ஆட்டி
அடைந்து கிடந்த அமுக்கத்தை விட்டேன்.
கப்ளிங் சத்தமில்லாமல் கழன்றது.
முகத்தைத் துடைத்து மீற்றரைப் பூட்டி
ஒயில் சூடாகும்வரை இருபது நிமிசம்.
அந்த இருபது நிமிசத்தில்தான்
எல்லோரும் மெக்கானிக் ஆகிறார்கள்.
ஃபில்டர் என்றார் ஒருவர். சொலினொயிட் என்றார் ஒருவர்.
தேத்தண்ணி கொண்டுவந்த பொடியன்
கண்ணூறு என்றான்.

எழுபத்திரண்டு.
நிமிசத்துக்கு எழுபத்திரண்டு லீற்றர்.
கம்பனி சொன்னது எழுபத்தைந்து.
மெசினில் குற்றமில்லை.
என் சந்தேகம் கப்ளிங்கைத் தாண்டி
அங்காலப் போனது.

அலகைத் திரும்ப மாட்டி, பின்னுக்குச் சுற்றுங்க என்றேன்.
பறந்தது.
சாறனெல்லாம் மண்.
முன்னுக்கு?
கஞ்சி. அகப்பை.

போகிற ஹோஸைக் கழற்றி
தலைமாற்றிப் பூட்டினேன்.
இப்போது முன்னுக்குப் பறந்தது.
பின்னுக்குத்தான் அசையவில்லை.

பேரின்பராசா சிரித்தார்.
"முன்னுக்குத்தானே தோண்டுறது?
பதினொரு குழி. இருட்ட முதல் முடிச்சிரலாம்."

புது ஹோஸ். கடை வாசம்கூடப் போகவில்லை.
மட்டைத் துண்டை நெடுகப் பிடித்துப் பார்த்தேன்,
ஒரு பொட்டு எண்ணெய் இல்லை.
"உள்ள ரப்பர் கழண்டு தொங்குது.
இப்ப ஒயில் தள்ளுற பக்கமாப் படுத்திரிக்கு.
எப்ப கிழிஞ்சு மோட்டருக்க போகுமெண்டு
எனக்குத் தெரியா."

"மோட்டரும் எங்கட, ஹோஸும் எங்கட"
என்றார் இஸ்ஸதீன். "நீங்க காசை எடுங்க."

ஹக்சோ பிளேட் என் பெட்டியில் எப்போதும் இருக்கும்.
உள்ளே போட்ட கம்பிப் பின்னல்தான் நேரமெடுத்தது.
இரண்டாய் விழுந்த ஹோஸுக்குள்
நாக்களவு கறுப்புத் தோல்.
காட்டினேன்.
காட்டத்தான் அறுத்தேன் என்று அவர்கள் நினைக்கட்டும்.
திரும்பப் பூட்ட ஒண்ணாமல்தான் அறுத்தேன்.

களுவாஞ்சிக்குடிக் கடை திறக்குமுன் வாசலில் நின்று
புதிதாய் ஒன்று அடித்தெடுத்து
காலைப் பாதையில் திரும்பினேன்.
குழியில்லாத பக்கத்தால் யானை வந்திருந்தது.
அரை ஏக்கர் வேளாண்மை, கதிர் பறிந்த நேரம்.
யாருடையது என்றேன்.
பேரின்பராசாவின் மச்சாள், புவனமலர்,
வரம்பில் நின்று என்னைப் பார்த்தாள்.

கட்டை நடவில்லை, கம்பியில்லை, கரண்டில்லை.
வெறும் பதினொரு குழி
யானையை மறித்திராது.
இதை எனக்குள்தான் சொன்னேன்,
இரண்டு தரம்.

முன்னுக்கு. பின்னுக்கு.
இரண்டும் ஒரே வேகம்.
இஸ்ஸதீன் காசை எண்ணித் தந்தார்,
ஹோஸுக்கு மட்டும்.
மீற்றரைத் துவாயில் சுற்றினேன்.

முப்பத்தாறாம் குழியின் வாயில்
யானையின் முன்னங்கால் பதிந்திருந்தது.
பேரின்பராசா இடத்தை மாற்றவில்லை.
அலகு அதன் நடுவில் இறங்கியது.
அடிதான் கொஞ்சம் பெரிது.
குழியைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு
அது மிச்சமிருந்தது.