அளவு சரியா

டீசல் வரிசை மூன்றாம் நாளாக
சிமெண்ட் ஆலை மதிலையும் தாண்டிப் போயிருந்தது.
லாரிக்காரர்கள் சக்கரங்களுக்கிடையே
கம்பளி போர்த்திக் கிடந்தார்கள்.
சூப் விற்கிறவள் மட்டும் சிரித்த முகமாக இருந்தாள்.

என் உருளைக்கிழங்குக்கு வரிசை தெரியாது.
எல் ஆல்ட்டோவின் ஓர் இரவு போதும்
மூட்டையோடு விறைத்துக் கல்லாகிவிட.
உறைந்ததை மிதித்துக் காயவைத்து விற்கலாம்தான்,
அது வேறு சந்தை, வேறு விலை.
வட்டிக்காரனுக்கு அதெல்லாம் புரியாது.

பேருந்துப் பணிமனையில் திபூர்சியோ
வடித்தெடுத்த பழைய எஞ்சின் ஆயிலைப்
பீப்பாய் பீப்பாயாக வைத்துக்கொண்டு
எங்கே கொட்டுவதென்று விழித்துக்கொண்டிருந்தான்.
"வேலிக் கம்பத்துக்குப் பூசவா, நியேவெஸ்?"
"ஆமாம்" என்றேன்.
நூறு லிட்டருக்கு ஒரு பொய். மலிவுதான்.

கருப்பு என்றால் அப்படியொரு கருப்பு.
விரலை விட்டால் நகக்கண்ணில் ஏறி
ஞாயிறு பூசை வரை இறங்காது.
எத்தனை மலை ஏறிய எண்ணெய்!
தேய்ந்த பிஸ்டனின் தூள், கரி, கொஞ்சம் தண்ணீர்,
எவனோ ஓட்டுநர் ஆத்திரத்தில் மிதித்த மிதி,
எல்லாம் அதில் கரைந்து கிடந்தது.

முதல் முறை அவசரப்பட்டேன்.
சாக்கில் வடித்து, டீசலோடு கலந்து,
நேராக டாங்கில் ஊற்றினேன்.
பதினோரு கிலோமீட்டர்.
பன்னிரண்டாவதில், ஏற்றத்தின் நடுவே,
வோல்வோ விக்கியது, தும்மியது,
வெள்ளைப் புகையாய் எதையோ சொல்லிவிட்டு நின்றது.
தள்ள வந்தவர்கள் நான்கு பேர்.
புத்தி சொல்ல வந்தவர்கள் பதினான்கு பேர்.

மறுமுறை மூன்று வாரம்
பீப்பாயை அசைக்கவில்லை.
அடியில் தங்கிய சேற்றைத் தனியாகப் பிடித்து மூடினேன்.
மேலே நின்றதை
லாமாச் சாணம் எரியும் அடுப்பில் ஏற்றினேன்.
நான்காயிரம் மீட்டர் உயரத்தில்
தண்ணீருக்கு ரோசம் அதிகம்,
நூறு வரை பொறுக்காது,
எண்பத்தேழிலேயே எழுந்து போய்விடும்.
சுட்ட தகட்டில் ஒரு சொட்டு விட்டுக் காது கொடுத்தேன்.
சடசடத்தால் இன்னும் ஈரம்.
நாலாவது சொட்டு
ஒன்றும் பேசாமல் பரவியது.

இனி வடிகட்ட வேண்டும்.

சாவோ பாலோவில் ஒரு நிலவறையில்
எஃப்ரயீன் ஜீன்ஸ் தைக்கிறான்.
பதினாறு மணி நேரம், சன்னல் கிடையாது.
தையல் பிசகியதைச் சம்பளத்தில் கழித்து
அவன் தலையிலேயே கட்டிவிடுவார்கள்.
அவன் எனக்கு அனுப்புவான்,
ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை,
ஜிப் வரவேண்டிய இடத்தில் பை.
நானோ பாவாடைக்காரி,
ஒன்றின்மேல் ஒன்றாய் ஐந்து உடுத்துகிறவள்.
இருந்தும் ஒன்றைக்கூட எறிந்ததில்லை.

கால் நுனிகளை முடிச்சிட்டு,
இடுப்பைக் கம்பி வளையத்தில் கோத்து,
உத்திரத்தில் தொங்கவிட்டு ஊற்றினேன்.
துணி மூச்சு வாங்கியது.
தொடை திரண்டது, முழங்கால், பிறகு கெண்டைக்கால்.
இருட்டில் பார்த்தால்
ஓர் ஆள் நிற்கிற மாதிரி.
இரவெல்லாம் சொட்டுச் சத்தம்.
தூக்கமே வரவில்லை என்று சொல்லமாட்டேன்.
நன்றாகத் தூங்கினேன்,
வீட்டில் யாரோ இருக்கிற தூக்கம்.

மிச்சமிருந்த டீசலோடு கலந்து ஊற்றியதும்
வோல்வோ ஒருமுறை கறுப்பாகக் காறித் துப்பிவிட்டு
ஏற ஆரம்பித்தது.
வரிசையைக் கடந்தபோது ஹாரன் அடிக்கவில்லை.
சூப்காரி மூக்கைச் சுளித்துப்
பானையை மூடினாள்.
இன்ஜெக்டர் எத்தனை நாள் தாங்கும்,
அந்தப் புகை யார் நெஞ்சில் படியும்,
அந்தக் கணக்கையும் போட்டேன்.
கூட்டி முடிக்கவில்லை.

சனிக்கிழமை எஃப்ரயீன் கூப்பிட்டான்.
பின்னால் மெஷின்கள் இரைந்தன.
"போன தடவை அனுப்பினது, போட்டுப் பார்த்தாயா?
அளவு சரியா?"

அண்ணாந்து பார்த்தேன்.
இடது காலில் கடைசிச் சொட்டு
விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

"இடுப்பு சரி" என்றேன்.
"கால்தான் நிறையப் பிடிக்கிறது.
அடுத்ததை இரட்டைத் தையலாகப் போடு."