கரையும் வரை

இரவு இரண்டு பத்து. ரெஜைனா மருத்துவமனை லைனில்.
பிராம்ப்டனில், நிலவறையில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில்
ஹெட்செட்டை மாட்டிக்கொள்கிறேன்.
தமிழ் மொழிபெயர்ப்பாளர், எண் நாலு ஒன்று ஒன்பது.
சொல்வதை அப்படியே சொல்வேன்,
கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன்.
நிமிடத்துக்கு எழுபது சதம்.

றொபின்சன் மனுவேற்பிள்ளை. கூரை வேலை.
கையில் சீழ்க்கட்டி. வந்து சேர்ந்தது இரண்டாம் தடவை.
முதல் தடவை, அன்ரிபயோட்டிக் பாதி இறங்கியிருக்க
குழாயைப் பிடுங்கிவிட்டுப் பனிக்குள் போனவராம்.
என்ன தேடிப் போனார் என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் எந்த மொழியில்?

டாக்டர் ஹ்ரிஷ்கோ நோயின் பெயரைச் சொல்கிறார்.
என் வாயில் தயாராக நின்றது "அடிமை".
எங்கள் வீட்டில் ஒருவனைப் பற்றி
அவன் இருக்கும்போதே சொன்ன சொல்.
டாக்டர் சொன்னதில் அது இல்லை.
விழுங்கிவிட்டு,
"வலிமருந்தை விடமுடியாமல் போற வருத்தம்" என்றேன்.
நோய்க்கும் துக்கத்துக்கும் எங்களிடம் அந்த ஒரு சொல்தான்.

"இப்பவே தரச் சொல்லுங்கோ தங்கச்சி."
இப்போது இல்லை, என்கிறார் டாக்டர்.
முந்திக் கொடுத்தால் பழையதை ஒரேயடியாய்த் தள்ளிவிடும்,
இன்னும் மோசமாகும். உடம்பு கேட்கட்டும்.
ஒவ்வொன்றாய் எண்ணுகிறார்:
கொட்டாவி. ஒழுகும் மூக்கு. விரிந்த கண்மணி.
புல்லரிக்கிறதா?
தேர் அசையும்போது வருகிற சொல்லை
இதற்குக் கேட்க எனக்குக் கூச்சம்.
"ஓம், உரிச்ச கோழி மாதிரி."
கால்?
"உளையுது."
வலி என்றேன் ஆங்கிலத்தில். போதவில்லை.
எலும்புக்குள், நீட்டவும் விடாது மடக்கவும் விடாது என்றேன்.
அவர் அவ்வளவு சொல்லவில்லை.
அந்தச் சொல் சொன்னது.

பதின்மூன்று. போதும்.
நாக்குக்குக் கீழே வையுங்கள்.
விழுங்கக்கூடாது, தண்ணீர் கூடாது,
பேசக்கூடாது. கரையும் வரை.

பேச்சில்லாத இடத்தில் எனக்கு வேலையில்லை.
அழைப்பு முடிந்ததென்று யாரும் சொல்லவுமில்லை.
ரெஜைனாவில் ஏதோ ஒரு பம்ப் கூவி ஓய்ந்தது.
தள்ளுவண்டி ஒன்று. மூக்குறிஞ்சல்.
டாக்டரின் கதிரை இழுபட்டது; எழும்பவல்ல,
கிட்டே வர.
இங்கே துணிகள் சுழன்று நின்றன.
நான் மூடியைத் திறக்கவில்லை.

பதினோராவது நிமிடம், தடித்த நாக்கால்,
"கசக்குது."
கசக்கிறதாம், என்றேன் டாக்டருக்கு.
பிறகு அவர்,
"தங்கச்சி, லைனில நிக்கிறீங்களோ?"

என்னிடம் கேட்டால் பதில் சொல்லக்கூடாது,
டாக்டரிடம் திருப்ப வேண்டும்.
விதி.

"ஓம்" என்றேன்.