ஆறு துளைச் சில்லு

நான் சில்லு என்பேன், நீ சக்கரம் என்பாய்.
உன் திண்டுக்கல்லில் சில்லு என்றால் உடைந்த ஓட்டுத் துண்டு.
என் சாவகச்சேரியில் அது உருள்வது.
பதினோரு வருடக் கல்யாணத்தில்
இந்த ஒரு வழக்குக்குத் தீர்ப்பே வரவில்லை,
போன நவம்பர் வரை.

மாரீயைத் தாண்டி, அலையலையாய் இறுகிக் கிடந்த மண்தடத்தில்
முன்னிடது அலாய் வீல்
ஒரு கல்லைச் சந்தித்து மூன்றாய்ப் பிளந்தது.
குனிந்து ஒரு துண்டைப் பொறுக்கி
"சில்லு" என்றாய்.
"சில்லுதான்" என்றேன்.
அந்த வெயிலில் இரண்டு பேருமே ஜெயித்து
நிழலில்லாமல் நின்றோம்.

போர்ட் அகஸ்டாவில், தண்டவாளத்துக்குப் பின்னால்,
டெஸ் கொவால்ச்சிக்கின் உடைசல் வண்டிக் கிடங்கு.
எண்பத்தொன்பதாம் வருடத்துப் பேட்ரோல் என்றதும்
தொப்பியைக் கழற்றினான்
இழவு கேட்க வந்தவன் போல.
பிறகு சிரித்தான்.
இரும்பு போடு, என்றான்.
அலாய் வெடிக்கும், இரும்பு வளையும்;
வளைந்ததோடு சுத்தியல் பேசிக்கொள்ளும்.

பல்செட் செய்து பிழைக்கிறவள் நான்.
அரை மில்லிமீட்டர் என்பது எனக்கு
இன்னொருவரின் முழு இராத்திரி.
அளவுகோலை நானே வாங்கினேன்.
ஆறு துளை.
எதிர்த் துளைக்கு நடுவிலிருந்து நடுவுக்கு
நூற்று முப்பத்தொன்பது புள்ளி ஏழு.
ஹைலக்ஸ் சில்லு ஆறிலும் பொருந்தி
நடுத்துளையில் நாலு மில்லிமீட்டருக்கு முரண்டு பிடித்தது.
ஜாதகத்தில் எல்லாம் கூடி
கடைசியில் தட்டிப்போன சம்பந்தங்கள்
எங்கள் வீட்டிலும் உண்டு.

நீ வேறெங்கோ நின்றாய்.
புதுக் கறுப்புச் சில்லு, ஆஃப்செட் மைனஸ் இருபத்திரண்டு,
மட்கார்டைத் தாண்டி நெஞ்சை நிமிர்த்துகிற ரகம்.
தடவிப் பார்த்தாய், மாட்டுச் சந்தையில் தடவுவது போல.
"போலீஸும் கேட்பான், பேரிங்கும் கேட்கும்" என்றான் டெஸ்.
நீ கையை எடுத்தாய், கண்ணை எடுக்கவில்லை.

மூலையில் ஒரு அடுக்கு,
வளையம் தனியே கழலும் பழங்காலத்துச் சில்லுகள்.
விலை கேட்க வாய் திறந்தேன்.
டெஸ் தன் இடதுகையைக் காட்டினான்,
சுட்டுவிரல் பாதியில் நின்றது.
காற்றடிக்கும்போது அதன் எதிரே நின்றிருக்கிறான்.
அடுத்த அடுக்குக்குப் போனோம்.

அங்கேதான் இருந்தன
பிளஸ் பத்து, பதினாறு அங்குலம்,
தூசி படிந்த பழைய பேட்ரோலின் சொந்தக் கால்கள்.
ஸ்பேனரால் ஒவ்வொன்றையும் தட்டினேன்
சட்டி வாங்குகிறவளாய், காதைச் சாய்த்து.
ணங். ணங். ணங். ணங்.
ஐந்தாவது பொத்தென்றது.
பெயின்டைச் சுரண்டினால்
துளைக்குத் துளை மயிரளவு கோடு.
ஆறாவது ஒன்றைத் தேட
ஒரு மணி நேரம், இரண்டு சிலந்திகள்,
உன் சட்டையின் ஒரு கை.

ஐந்துக்கும் இருநூற்றிருபது டாலர்.
உட்பக்கத்தில் யாரோ சுண்ணாம்புக் கட்டியால் எழுதிய எண்
பாதி அழிந்திருந்தது.
கழுவும்போது அந்த இடத்தை விட்டுவிட்டேன்.
காரணம் கேட்காதே.

வையாலா வந்து, துரு சுரண்டி, இரண்டு கோட் அடித்து,
ஜாக்கி ஏற்றிய பிறகுதான் தெரிந்தது
அலாய்க்குப் போட்ட நட்டு இரும்பில் உட்காராது என்று.
அதற்கு அடி தட்டை, இதற்குக் கூம்பு வேண்டும்.
இருபத்துநாலு நட்டு.
இவ்வளவு அளந்தவள் அதை அளக்கவில்லை.
நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை,
பக்கத்துத் தெரு ஸ்டாவ்ரோஸிடம் போய்
கடலை டப்பா நிறைய வாங்கி வந்தாய்.

இரவு ஒன்பது மணி. பல்லிடுக்கில் டார்ச்சோடு நான்.
படுத்திருந்தபடி கை நீட்டினேன்.
"இரு," என்றாய், "சில்லைத் தூக்கித் தரேன்."

கேட்டது.
கேட்டதாய்க் காட்டவில்லை.
எதிரெதிராய் நட்டுகளை இறுக்கினேன்.
ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும்
இன்னொரு முறை இறுக்கவேண்டும்.