முதல் நடை, ஐப்பசி

ஐந்து நாற்பதுக்கு எடுக்க வேண்டிய வண்டி.
ராத்திரி மழை இன்னும் ஷட்டர் இடுக்கில் சொட்டிக்கொண்டிருந்தது.
கடைசி சீட்டுக்கடியில்
யாரோ விட்டுப்போன கைக்குட்டை என்று குனிந்தேன்.
கைக்குட்டை என்னைப் பார்த்தது.

பச்சை முதுகு. சந்தன நெஞ்சு.
கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை.
அடிவயிற்றில் வெற்றிலைச் சாறு சிந்தியதுபோல் ஒரு சிவப்பு.
வாலில் மட்டும்
துணி பற்றாமல் போயிருக்கிறது.

ஆறுமணிக்குருவி.
இமயத்து அடிவாரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு
ஐப்பசி இருட்டில் தெற்கே இறங்குகிறவன்.
ஐந்து ரோடு மேம்பாலத்து விளக்குகளை
என்னவென்று நினைத்தானோ.

"செத்துருச்சா?" என்றார் மாதையன்,
கண்ணாடிக்கு மேலிருந்த சாமிக்கு ஊதுபத்தி காட்டியபடி.
"மூச்சு இருக்குண்ணே."
"அப்ப அதுவும் ஒரு ஆளு. எடுக்கட்டா?"

என் டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில்
டெப்போவுக்குத் தெரியாத கணக்கு ஒன்று ஓடுகிறது.
புரட்டாசி நாலு: ஒன்பதாவது வளைவு, பாலத்தடிக் கல்லில்
சாம்பல் வாலாட்டி, ஒன்று. போன வருஷத்துக் கல்லேதான்.
புரட்டாசி இருபது, வார லீவு: மூக்கனேரித் திட்டில் உள்ளான்,
ஏழு. இல்லை, எட்டு.
ஐப்பசி ஒன்று: கோரிமேட்டுக் கம்பியில் தகைவிலான்கள்.
முப்பத்திரண்டில் பஸ் நகர்ந்துவிட்டது.

அஸ்தம்பட்டியில் ஏறிய ரோஸ்லின் சிஸ்டர்
டிபனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு
துணிப்பையைக் கொடுத்தார்.
கிளவுஸ் இருக்கிறது, வேண்டுமா என்றார்.
எஸ்டேட்டுக்குப் போகும் பெண்கள் நான்கு பேர்
ஆளுக்கொரு பக்கமாக எட்டிப் பார்த்தார்கள்.
"இத்தனூண்டா? எங்க கொல்லைல கத்தறப்போ
எவ்வளவு பெருசுன்னு நெனச்சேன்" என்றாள் காட்டுராணி.
போனை நீட்டிய பையனிடம்
"லைட்டை அணைச்சிட்டு எடு" என்றது ஒரு குரல்.
அடிவாரம் தாண்டியதும்
யாரும் சொல்லாமலே மாதையன் பாட்டை நிறுத்தினார்.
ஹாரன்கூட
வளைவுக்கு ஒன்றுதான்.

பதினான்காவது வளைவில்தான் எனக்கு உறைத்தது.

இவன் தெற்கே போகிறவன்.
நாங்கள் வடக்கே ஏறிக்கொண்டிருக்கிறோம்.
ராத்திரி மழையில் இந்தச் சேர்வராயனைத்
தாண்டித்தானே கீழே விழுந்திருப்பான்.
உயிரைக் கொடுத்து அவன் கடந்த மலையை
டீசல் போட்டு
அவனுக்கே திருப்பிக்கொண்டிருந்தோம்.

மாற்றி ஏறியவர்களை அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிடுவேன்.
காசு வாபஸ் கிடையாது, ரூல் இல்லை.
எத்தனை பேரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன்,
"போர்டைப் பார்த்து ஏற மாட்டீங்களா?"

ஒண்டிக்கடைக்கு முன்னாலேயே
விசிலை ஒரு முறை ஊதினேன். வண்டி நின்றது.
சில்வர் ஓக் நிழலில், காப்பிச் செடிகளுக்கடியில்
பையைச் சாய்த்துவைத்தேன்.
வரவில்லை.
பனி இறங்கியது. பஸ்ஸில் ஒருவரும் நேரம் கேட்கவில்லை,
ஸ்கூல் பிள்ளைகள் உட்பட.
பிறகு இரண்டு தத்தல்.
ஒரு சருகைப் புரட்டிப் பார்த்தான்,
பாக்கிச் சில்லறையைச் சரிபார்க்கிறவர் மாதிரி.
அடியில் ஏதோ இருந்திருக்க வேண்டும்.
தின்றான்.

ஐப்பசி ஒன்பது. ஆறுமணிக்குருவி, ஒன்று.
ஏறிய இடம்: தெரியாது.
இறங்கிய இடம் எழுதினேன்.
போகுமிடம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

பகலில் இரண்டு நடை, எல்லா நாளும் போல.
சில்லறைச் சண்டை, பதினேழில் ஒரு வாந்தி,
வாலாட்டி அதே கல்லில்.

கீழே இறங்கும் சாயந்திர வண்டி ஒண்டிக்கடையில் நின்றது.
ஆறாக ஒரு நிமிஷம் இருக்கும்.
மூட்டையோடு இருவர் ஏற வேண்டும்,
விசில் என் சட்டைப் பையில்.
காப்பிச் செடிகளுக்கு உள்ளிருந்து
தெளிவாக, அடுத்தடுத்து,
இரண்டு விசில்.

மாதையன் கியரைப் போட்டு
வண்டியை எடுத்துவிட்டார்.