நாமினி

புரட்டாசி போவதற்குள் ஓடு மாற்றிவிட வேண்டும்.
ஐப்பசி எங்களைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

காலையில் பீரோவை நகர்த்தினோம்.
பின்சுவர் உப்புப் பூத்திருந்தது.
முழங்கால் உயரத்தில்
ஒரு வருஷத்துத் தண்ணீர் நின்று போன கோடு.
சுண்ணாம்புக்கு மேலே வந்துவிடும்.
வருஷா வருஷம் நானும் அடிக்கிறேன்,
அதுவும் வருகிறது.

கரையான் ஒரு மண்குழாய் கட்டிக்கொண்டு
கீழ்த்தட்டுக்குள் போயிருந்தது.
வீட்டு வரி ரசீதைத் தொடவில்லை.
மிக்சி வாரண்டி கார்டைத் தொடவில்லை.
சைக்கிள் கடைக்குப் போட்டிருந்த பாலிசியில் மட்டும்
'வழங்கப்படும்' என்ற பக்கங்களைத் தின்றுவிட்டு
'வழங்கப்பட மாட்டாது' என்பதையெல்லாம்
அப்படியே விட்டுவைத்திருந்தது.
கசந்திருக்கும்.

பாயை விரித்து, ஃபேனை நிறுத்தி
ஒவ்வொன்றாய்த் துடைத்து வைக்கிறேன்,
உயிரோடு இருப்பது இந்தப் பக்கம்
காலாவதியானது அந்தப் பக்கம்.

சம்பாவுக்குப் போட்டது. அடங்கல் நகல், ரசீது.
கதிர் பால் பிடிக்கிற நேரத்தில்
எங்கள் வயல் மூழ்கியது.
கிராமத்தின் சராசரி மூழ்கவில்லை என்றார்கள்.
அந்தச் சராசரியோட வயல் எந்த வாய்க்கால் பாசனம் என்று
இவர் கேட்டதற்கு
ஆபீசில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

செவலைக்குப் போட்டது.
கரண்டுக் கம்பி அறுந்து விழுந்து அது செத்த அன்று
காதை வில்லையோடு அறுத்துக் கொண்டுவரச் சொன்னார்கள்.
கத்தியை நான்தான் கழுவினேன்.
பணம் வந்தது, குறை சொல்லக்கூடாது.
இந்தப் பையில் நாணயமாய் நடந்துகொண்ட காகிதம்
அது ஒன்றுதான்.
அதற்குத் தவணை கட்ட
என் தோடு திருத்துறைப்பூண்டி கூட்டுறவு வங்கிக்குப் போனது.
அந்தச் சீட்டு இங்கே இல்லை,
அரிசி டப்பாவில்.

டிவிஎஸ்சுக்கு உண்டு.
வீட்டுக்கு இல்லை.
ஓட்டு வீடென்றால் யோசிக்கணும் என்றார் ஏஜெண்ட் பிச்சைக்கண்ணு.
யோசித்துக்கொண்டே டீ குடித்தார்,
யோசித்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

கடைசியாய், இவர் உயிருக்குப் போட்டது.
எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முந்தி.
பெயர்: மதியழகன்.
நாமினி: அறிவுடைநம்பி.
உறவு: அண்ணன்.

வரப்பு வழக்கில் எதிர்மனுதாரர்.
பதினோரு வருஷமாய் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர்.
இவருக்கு ஒன்று என்றால்
மன்னார்குடி கிளையிலிருந்து கடிதம் அவருக்குத்தான் போகும்.
பணத்தை வைத்துக்கொள்வாரா என்று யோசித்துப் பார்த்தேன்.
மாட்டார், என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்
என்றுதான் தோன்றியது.
அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

எனக்குக் கோபமெல்லாம் இல்லை. மறதிதான்.
இருபத்து மூன்று வருஷத்தில்
பாலிசியை யார் எடுத்துப் படிக்கிறார்கள்,
கரையானைத் தவிர?

வெளியே கூப்பிடுகிறார்.
மூங்கில் ஏணி. நாலாவது படி
கயிறு போட்டுக் கட்டியது.
தாழ்வாரத்துத் தகரத்தில் அடைத்துக்கொண்டிருந்த வேப்பஞ்சருகு,
யார் வீட்டுப் பையனுடையதோ ஒரு பட்டம்,
இன்னதென்று தெரியாத எலும்பு
எல்லாம் வந்து என் தலையில் விழுகின்றன.
வேதாரண்யம் பக்கம் வானம் கறுத்திருக்கிறது.
பாலிசி என் இடுப்பில்,
பேனா கொண்டையில்,
இரண்டு கையும் ஏணியில்.

"புடிச்சிருக்கா?"

"ம். புடிச்சிருக்கு."

"ஏணியக் கேட்டேன்."

"நானும் அதத்தான் சொன்னேன்.
எறங்குங்க, ஒரு கையெழுத்து வேணும்."

"இரு.
இன்னும் ரெண்டு ஓடு."