ஒரு கட்டிலா, இரண்டா

மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில்
எழுதத் தொடங்கினேன்.
வெள்ளி மாலை நான்குக்குக் கிளம்புவது.
ஃபெர்னான் அதை அடித்து ஐந்து என்று திருத்தினான்.
நான் ஐந்தை அடித்து நாலரை என்று எழுதினேன்.
இருபத்தாறு வருடமாக இப்படித்தான்
ஓடுகிறது எங்கள் வீட்டுக் கடிகாரம்.

எங்கள் சன்னலுக்குக் கீழே போகும் இதே ஆறுதான்
ததூசாக்குக்கும் போகிறது.
கடலின் ஓதம் எதிர்த்திசையில் ஏறிவந்து
துருவா ரிவியேரைத் தொட்டதும்
களைத்துத் திரும்பிவிடும் என்பார்கள்.
நான் பார்த்ததில்லை.
கையகலம் உயர்ந்து தாழ்வதை
இரவுப் பணி முடிந்து வருகிறவள்
எங்கே நின்று பார்ப்பது.

இங்கே குடிக்கிற தண்ணீர்
அங்கே போவதற்குள் உப்பாகிவிடுகிறது,
உப்பான பிறகுதான் திமிங்கிலம் வருகிறது.
இதை ஃபெர்னானிடம் சொன்னேன்.
வெண்ணெய் தீர்ந்துவிட்டது என்றான்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை:
கம்பளித் தொப்பி இரண்டு.
ஆகஸ்ட்தான், ஆனாலும்
அந்தத் தண்ணீர்மேல் வரும் காற்றுக்கு மாதம் தெரியாது.
அவன் தம்பியின் தொலைநோக்கி,
இடது கண்ணுக்கு மட்டும் வேலை செய்வது.
குமட்டலுக்கு மாத்திரை.
எனக்கெதற்கு என்கிறான்,
திருவிழா ராட்டினத்தில் என் புதுக் கோட்டை
நாசமாக்கியவன்.

கார்களை அக்கரைக்குக் கொண்டுபோகும் படகுக்குக்
காசு கிடையாது என்பதை
அவனே எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டான்.
திமிங்கிலம் காட்டும் படகுக்கு உண்டு.
அதில்தான் சண்டை.
ரப்பர் படகில் போனால் மூச்சே முகத்தில் தெறிக்குமாம்.
என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது என்றேன்.
அப்படியானால் பாறையில் உட்காருவோம் என்றான்,
பாறை இலவசம் என்பது
அப்போதுதான் தோன்றியவனைப் போல.

விடுதிக்கு நான்தான் போன் செய்தேன்.
மதாம் பூலியானின் குரலில்
துணிக் கிளிப்பைப் பல்லில் கடித்திருந்த தடிப்பு.
திமிங்கிலம் தெரியுமா என்று கேட்டேன்.
'நேற்று வந்தது.
முந்தாநாள் வரவில்லை.
அதற்கு முந்தின நாள் எனக்குத் தெரியாது,
போர்வை துவைத்துக்கொண்டிருந்தேன்.'
பிறகு, விலை சொல்கிற அதே குரலில்,
'ஒரு கட்டிலா, இரண்டா?'

மார்ச்சிலிருந்து ஃபெர்னான்
த்ரிஸ்தானின் அறையில் படுக்கிறான்.
பையன் வான்கூவர் போய்விட்டான், அறை காலி.
குறட்டைதான் காரணம் என்று சொல்லிக்கொண்டோம்.
யாருடைய குறட்டை என்பதில்
இன்னும் வழக்கு நடக்கிறது.

போனை மார்பில் அழுத்திக்கொண்டு
சன்னல் கண்ணாடியைத் தட்டினேன்.
வாசலில் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தான்.
ஒரு விரல் காட்டினேன்.
பிறகு இரண்டு விரல்.
புருவத்தை உயர்த்தினேன்.
அவன் யோசித்தான்.
கையை வீசி மூன்று விரல் காட்டினான்,
பின்பு இரண்டு.
முப்பத்திரண்டு. நான்கு டயரிலும்.
அவ்வளவு பெருமை அந்த முகத்தில்.

போனுக்குள் மதாம் பூலியான்
அவசரப்படுத்தவில்லை.
அவள் கொல்லையில் கடற்காகங்கள் கத்தின,
ஈரப் போர்வை காற்றில் அறைந்தது.
தண்ணீருக்குள் போனது
எந்தப் பக்கம் எழும் என்று தெரியாமல்
கரையில் நின்று பழகியவர்களின் பொறுமை.

'ஒன்று' என்றேன்.
என் குரல்தான்.
'அகலமானதாக.'
'நூற்று நாற்பது சென்டிமீட்டர்,' என்றாள்,
'அதற்குமேல் சுவர்.'

பட்டியலின் கடைசியில் எழுதினேன்:
காதடைப்பான், ஒரு ஜோடி.

கை கழுவிவிட்டு வந்தவன்
ரசீதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான்.
வெகுநேரம் படித்தான்,
அவ்வளவு எழுத்து அதில் இல்லை.
பென்சிலைத் தேடி எடுத்து
ஒன்றை அடித்து
இரண்டு என்று திருத்தினான்.
அதற்குக் கீழே, கொட்டை எழுத்தில்,
வெண்ணெய்.