சத்தம் போடாத ஈ

ருக்சானா கையில் கே அட்டை,
தேவசகாயம் கையில் ஐ,
மூக்கொழுகும் கவின், டி.
'கிட்' என்கிறது முத்தியால்பேட்டை ஒன்றாம் வகுப்பு.

கடைசியில் வந்து நிற்கிறாள் பிலோமி, ஈ அட்டையோடு.
"ரீங்காரமே இல்லாத ஈ டா!"
"எனக்கு மட்டும் ஏன் மிஸ் சத்தமில்ல?"

தடுமாறுகிறேன்.
புள்ளி வைத்தாலும் முனகுகிற எழுத்துகளில் வளர்ந்தவள் நான்.
வெளியே தெருப்பலகையில் 'ரூ'வின் வாலிலும்
ஒரு ஈ சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது.

அதற்குள் தேவசகாயம் அவளைத் திரும்பிப் பார்த்து
வாயை அகலத் திறந்து
அட்டையின் பெயரையே சொல்கிறான்: ஐ.
கைட்!
ஜன்னல் பக்கம் திரும்புகின்றன எல்லாத் தலைகளும்.

மணி அடித்தும் அட்டையைத் தரவில்லை பிலோமி.
வீட்டுக்கு வேணுமாம்.
அப்பா கத்தும்போது
பின்னால் போய் நிற்கணுமாம்.